குழாய் ரிப்பேரும் கண் வெளிச்சமும்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனி கைக்குக் கிடைத்தும் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்த கதையைப் படிக்காமல் தமிழ்நாட்டில் யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியிருக்க முடியாது. அந்தத் தகடூர்தான் இன்றைய தர்மபுரி.

நீண்ட ஆயுள் இப்போது நெல்லிக்கனி இல்லாமலே கிடைக்கிறது. தடுப்பூசி, ஆன்டிபயாட்டிக், பிரஷர் மாத்திரை என்று ஆளாளுக்கு ஒரு கை கொடுத்து நம்மை எழுபது, எண்பது என்று தள்ளிக்கொண்டு போகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஆயுளோடு கூடவே ஒரு பில்லும் வருகிறது. அந்த பில்லில் முக்கியமான ஐட்டம், ரத்தக்குழாய்.

பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிற ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். வயது அறுபத்தைந்து. நாற்பது வருஷமாக பீடி. பி.பி. உண்டு, மாத்திரை ஞாபகம் வந்தால் உண்டு. மார்க்கெட்டில் கூடையை இறக்கிக்கொண்டிருக்கும்போது, திடீரென்று இடது கண்ணில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புத் திரை இறங்குகிறது. கடைக்கு ஷட்டர் போடுகிற மாதிரி. வலி இல்லை, எரிச்சல் இல்லை. ஐந்து நிமிஷம். அப்புறம் ஷட்டர் தானாகவே மேலே ஏறிவிடுகிறது. கண் பழையபடி பளிச்.

பக்கத்துக் கடைக்காரர் என்ன சொல்வார்? "பித்தம் தலைக்கு ஏறியிருக்கும்ணா. வெறும் வயித்தோட வந்திருப்பீங்க. ஒரு எலுமிச்சம்பழ ஜூஸ் குடிங்க, சரியாப் போயிரும்."

ஜூஸ் குடிப்பதற்கு முன்பே சரியாகிவிட்டது. அதுதான் ஆபத்து! வலித்திருந்தால் டாக்டரிடம் போயிருப்பார். வலிக்காததால் வீட்டுக்குப் போய்விடுவார். இந்த ஐந்து நிமிஷ இருட்டுக்கு மருத்துவத்தில் 'அமரோசிஸ் ஃப்யூகாக்ஸ்' என்று பெயர். ஓடிப்போகிற இருட்டு என்று அர்த்தம். பெரும்பாலும் தப்பு செய்தது கண் அல்ல. நாலைந்து அங்குலம் கீழே, கழுத்து!

இதைக் கண்டுபிடிக்க டாக்டர்களுக்கு ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் பிடித்தது. கண்டுபிடித்துக் கழுத்தைச் சரிசெய்யப் போனபோது, அந்த ரிப்பேரே சில சமயம் கண்ணைக் கெடுக்கும் என்பதும் தெரிய வந்தது. அந்தக் கதைதான் இந்த வாரம்.

* * *

முதலில் கொஞ்சம் பிளம்பிங்.

இதயத்திலிருந்து மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு பெரிய குழாய்கள் கழுத்தின் இரண்டு பக்கமும் ஓடுகின்றன. தாடைக்குக் கீழே, குரல்வளைக்குப் பக்கத்தில் விரல் வைத்தால் துடிக்கிறதே, அதுதான். கரோட்டிட் தமனி. பெயர் கிரேக்கம். 'கரோஸ்' என்றால் மயக்கம், கிறக்கம். அந்த இடத்தை அழுத்தினால் ஆள் கிறங்கிவிடுகிறான் என்று பழைய கிரேக்கர்கள் கவனித்து வைத்த பெயர். நம் நாட்டிலும் சுஸ்ருத சம்ஹிதை குரல்வளையின் இரண்டு பக்கமும் நீலா, மன்யா என்று மர்ம இடங்களைக் குறிப்பிட்டு, அங்கே அடிபட்டால் பேச்சு போகும் என்று எச்சரிக்கிறது. கழுத்தில் ஏதோ ரகசியம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என்ன ரகசியம் என்பதுதான் தெரியவில்லை.

இந்தக் குழாய் தாடைக்கு அருகில் இரண்டாகப் பிரிகிறது. வெளிக்கிளை முகத்துக்கு. உட்கிளை மூளைக்கு. அந்த உட்கிளை மண்டை ஓட்டுக்குள் நுழைந்ததும் கொடுக்கிற முதல் முக்கியக் கிளை எது தெரியுமா? கண்ணுக்குப் போகும் தமனி. அதிலிருந்து இன்னொரு நுண்கிளை கண்ணின் பின்சுவரில் உள்ள விழித்திரைக்குள் நுழைகிறது. கழுத்தில் சுண்டுவிரல் தடிமனை நெருங்கும் குழாய், விழித்திரைக்குள் நுழையும்போது கால் மில்லிமீட்டர் விட்டம்கூட இல்லாத இழையாகிவிடுகிறது.

தர்மபுரிக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. காவிரியிலிருந்து ராட்சசக் குழாய், அப்புறம் மேல்நிலைத் தொட்டி, அப்புறம் தெருக்குழாய், கடைசியில் வீட்டுக் குழாய். மெயின் குழாயில் பழுது பார்த்தார்கள் என்றால், மறுபடி திறந்துவிட்டதும் முதலில் என்ன வருகிறது? மண்ணும் துருவுமாகப் பழுப்புத் தண்ணீர். பெரிய குழாயில் அது ஒரு பொருட்டே இல்லை. கடைசி வீட்டுக் குழாயின் வாயில்தான் அந்தக் கசடு போய் அடைக்கும்.

கழுத்துதான் மெயின் குழாய். விழித்திரை கடைசி வீடு. இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் மீதிக் கதை முழுக்கப் புரியும்.

* * *

1792. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இழந்த பகுதிகளில் பாராமகாலும் ஒன்று. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம். அங்கே நிலவரி நிர்ணயம் செய்ய கேப்டன் அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாக வந்த இளம் அதிகாரிதான் தாமஸ் மன்றோ. ஏறக்குறைய ஏழு வருஷம் இந்த மண்ணில் குதிரையில் சுற்றினார். தர்மபுரியில் தோட்டம் போட்டு, அதன்மேல் உயிரையே வைத்திருந்தார். பிற்காலத்தில் ரயத்துவாரி முறை என்று பேர்வாங்கியதன் ஆரம்பப் பாடங்கள் இங்கேதான்.

அதே மன்றோ 1820-ல் மதராஸ் கவர்னராக வந்து உட்கார்ந்தபோது, நகரத்தில் ஒரு புது ஆஸ்பத்திரிக்கு ஒரு வயது ஆகியிருந்தது. மதராஸ் கண் மருத்துவமனை, 1819. ராயப்பேட்டையில் தொடங்கி, பிற்பாடு எழும்பூருக்கு இடம் மாறி, இன்றும் இருக்கிறது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அதை ஆரம்பிக்கக் கம்பெனி அனுப்பிய டாக்டர் லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் பயிற்சி பெற்றவர்.

மூர்ஃபீல்ட்ஸ் தொடங்கியது 1805. நெப்போலியனோடு எகிப்தில் சண்டை போடப் போன சிப்பாய்கள் கண் நோயோடு திரும்பி வந்து, லண்டன் முழுக்க அது பரவிக்கிடந்த நேரம். ஜான் கன்னிங்ஹாம் சாண்டர்ஸ் என்ற இளம் டாக்டர் அந்தச் சிறு மருத்துவமனையைத் திறந்தார். அவருக்குக் குருநாதர் யார் தெரியுமா? லண்டனின் புகழ்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர் ஆஸ்ட்லி கூப்பர்.

அதே 1805-ம் வருஷம் நவம்பரில் ஆஸ்ட்லி கூப்பர் என்ன செய்தார்? கழுத்துத் தமனி பலூன் மாதிரி வீங்கிப்போயிருந்த ஒரு பெண்மணிக்கு, அந்தக் கரோட்டிட் தமனியையே நூலால் கட்டி மூடினார். மயக்க மருந்து வருவதற்கு நாற்பது வருஷம் முன்பு! அந்தப் பெண் அதே மாதத்தில் இறந்துபோனார். கூப்பர் விடவில்லை. 1808-ல் மறுபடி முயன்றார். இந்தத் தடவை நோயாளி பிழைத்தார். 1821 வரை உயிரோடிருந்தார்.

பாருங்கள் வேடிக்கையை. ஒரே ஊர், ஒரே வருஷம், குருவும் சிஷ்யனும். ஒருவர் கழுத்து, இன்னொருவர் கண். இரண்டுக்கும் நடுவே ஓடுவது ஒரே குழாய். ஆனால் அது ஒரே கதை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரே ஒருத்தர் கிட்டத்தட்ட தொட்டுவிட்டார். கூப்பரின் இன்னொரு சிஷ்யர் பெஞ்சமின் டிராவர்ஸ். 1810-ல் சாண்டர்ஸ் இறந்த பிறகு அந்தக் கண் மருத்துவமனைக்கு வந்தவர். அதற்கு முந்தின வருஷம், அவரிடம் ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தார். ஒரு பக்கத்துக் கண் வெளியே பிதுங்கி, நாடி மாதிரித் துடித்துக்கொண்டிருந்தது. டிராவர்ஸ் கண்ணைத் தொடவில்லை. கழுத்துத் தமனியைக் கட்டினார். துடிப்பு அடங்கியது. அந்தப் பெண் குணமானார். கண்ணில் நோய், கழுத்தில் வைத்தியம்! 1811-ல் அதை எழுதியும் வைத்தார்.

அதற்குப் பிறகு அந்த நூற்றாண்டு முழுக்க, எங்கே ரத்தம் பீறிட்டாலும் கரோட்டிட்டைக் கட்டு என்பது ஒரு வழக்கமாகிப்போனது. சிலர் பிழைத்தார்கள். சிலருக்குப் பக்கவாதம் வந்தது. சிலருக்கு அந்தப் பக்கத்துக் கண்ணே மங்கிப்போனது. கழுத்தில் கை வைத்தால் கண்ணுக்கு ஆபத்து வரலாம் என்ற பாடத்தின் முதல் பக்கம் இதுதான்.

* * *

கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க வழி வேண்டாமா? அதை 1851-ல் கொடுத்தவர் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ். ஒரு சின்னக் கருவி, ஆப்தால்மோஸ்கோப். அதை வைத்துப் பார்த்தால் கண்மணி வழியாக விழித்திரை தெரியும். அதன் மேல் ஓடும் ரத்தக்குழாய்கள் தெரியும். நினைத்துப் பாருங்கள், மனித உடம்பில் கத்தி வைக்காமல் ரத்தக்குழாயை நேரடியாகப் பார்க்க முடிகிற இடம் அது ஒன்றுதான்.

ஐந்து வருஷத்தில், 1856-ல், ஜெர்மனியின் வீர்ஷோ ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். கழுத்துத் தமனியில் ரத்தம் உறைந்திருந்தது. அதே பக்கத்துக் கண் திடீரென்று குருடாகியிருந்தது. 1859-ல் ஆல்பிரெக்ட் ஃபான் கிராஃபே, விழித்திரையின் மையத் தமனியில் எங்கிருந்தோ வந்த கட்டி அடைத்ததை உயிருள்ள நோயாளியின் கண்ணிலேயே பார்த்து விவரித்தார். அந்தக் கட்டி வந்தது இதயத்திலிருந்து.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைத்திருக்கும். ஆனால் டாக்டர்கள் அடுத்த நூறு வருஷத்துக்கு வேறொரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். 'ஸ்பாஸம்'. குழாய் சும்மா சுருங்கி விரிகிறது, அதனால்தான் கண் இருட்டித் தெளிகிறது என்றார்கள். நம் ஊர்ப் பித்தத்துக்கு அண்ணன் முறை!

ஏன் இவ்வளவு தாமதம்? பிரேதப் பரிசோதனையில் மண்டையைத் திறப்பார்கள், நெஞ்சைத் திறப்பார்கள், கழுத்தைப் பெரும்பாலும் தொடமாட்டார்கள். உறவினர்கள் கடைசியாக முகம் பார்க்க வேண்டுமே! குற்றவாளி ஒளிந்திருந்த ஒரே இடத்தைப் போலீஸ் சோதனை போடவே இல்லை.

சோதனை போட்டவர் ஒரு கனடாக்காரர். சார்ல்ஸ் மில்லர் ஃபிஷர். இரண்டாம் உலகப் போரில் கப்பற்படை டாக்டர். 1941-ல் அவருடைய கப்பல் மூழ்கடிக்கப்பட்டு, மூன்றரை வருஷம் ஜெர்மானியர்களிடம் போர்க்கைதியாக இருந்தார். விடுதலையாகி மான்ட்ரியலில் வேலை பார்க்கும்போது, பக்கவாதம் வந்த ஒருவர், வாதம் வருவதற்கு முன்பு அடிக்கடி ஒரு கண் இருட்டியதாகச் சொன்னார். கை கால் விழுந்தது இடது பக்கம். ஆனால் இருட்டிய கண், வலது.

மாற்றிச் சொல்கிறாரோ? இல்லை. யோசித்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. வலது மூளைதான் இடது கை காலை ஆட்டுவிக்கிறது. வலது மூளைக்கும் வலது கண்ணுக்கும் ரத்தம் கொடுப்பது வலது கழுத்துக் குழாய். அது அடைத்தால் வலது கண்ணும், இடது கை காலும்தான் போக வேண்டும்!

ஃபிஷர் பிரேதங்களின் கழுத்தைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். கரோட்டிட் இரண்டாகப் பிரிகிற அந்த முச்சந்தியில், உப்புத் தண்ணீர் ஓடின பைப் மாதிரி, கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து குழாய் அடைபட்டிருந்தது. 1951-ல் கட்டுரை வெளியானது. கண் இருட்டுவது வரப்போகும் பக்கவாதத்தின் முன்னறிவிப்பு என்றார். என்றாவது ஒருநாள் இந்த அடைப்பை அறுவை சிகிச்சையால் சரிசெய்ய முடியும் என்றும் சொன்னார்.

* * *

என்றாவது என்ன, மூன்றே வருஷம்!

1953 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி, ஒரு பஸ் டிரைவரின் கழுத்துக் குழாயை நீளவாக்கில் கீறி, உள்ளே படிந்திருந்ததை உரித்தெடுத்துத் தைத்தார். ஆனால் அதை 1975 வரை முழுசாக எழுதவில்லை. 1954 மே மாதம் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் ஈஸ்ட்காட்டும் ராபும் சேர்ந்து ஒரு அறுபத்தாறு வயதுப் பெண்மணிக்கு அடைபட்ட துண்டை வெட்டி எடுத்துக் குழாயை மறுபடி இணைத்தார்கள். அந்த அம்மாவுக்கு அதற்கு முந்தைய சில மாதங்களில் முப்பத்து மூன்று முறை வலது பக்கம் தளர்ந்து, பேச்சு குழறி, இடது கண் இருட்டித் தெளிந்திருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு முறைகூட வரவில்லை. இருபது வருஷம் வாழ்ந்தார். அதே வருஷம் 'லான்செட்' இதழில் இது வெளிவந்ததும் உலகம் முழுக்கக் கழுத்து ஆபரேஷன் பற்றிக்கொண்டது.

கண் டாக்டர்கள் இப்போது விழித்துக்கொண்டார்கள். 1959-ல் அதே ஃபிஷர், ஒரு நோயாளிக்குக் கண் இருட்டிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே ஆப்தால்மோஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். விழித்திரைக் குழாய்களுக்குள் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் மெதுவாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தன! சுருக்கமாவது, விரிவாவது... கழுத்திலிருந்து உதிர்ந்த கசடு கண் முன்னால் ஊர்வலம் போனது. 'ஸ்பாஸம்' கதை அன்றோடு ஆட்டம் கண்டது.

1961-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ராபர்ட் ஹாலன்ஹார்ஸ்ட், விழித்திரைக் குழாய்களின் கிளைகளில் தங்கப் பொடி மாதிரி மின்னும் துகள்களைப் பற்றி எழுதினார். கண்ணை லேசாக அழுத்தினால் பளிச்சென்று மின்னும். அவை கழுத்தில் படிந்த கொலஸ்ட்ரால் உதிர்ந்து வந்த துண்டுகள். இன்றும் அவற்றுக்கு ஹாலன்ஹார்ஸ்ட் பிளேக் என்றுதான் பெயர்.

அந்தத் தங்கப்பொடி, ஆபரேஷனுக்கு முன்பு சுத்தமாக இருந்த சில கண்களில், கழுத்து ஆபரேஷனுக்குப் பின்பு புதிதாகத் தென்பட்டது. ஒகேனக்கல் குழாயின் பழுப்புத் தண்ணீர்!

* * *

கழுத்தைத் திறக்கும்போது, குழாயைக் கையால் நகர்த்தும்போது, கிளிப்பை எடுத்து ரத்தத்தைத் திறந்துவிடும்போது, எந்தக் கட்டத்திலும் ஒரு துணுக்கு உதிர்ந்து மேலே போகலாம். மூளைக்குப் போனால் பக்கவாதம். முதல் கிளையில் திரும்பினால் கண்.

கத்தி வேண்டாமே என்று யோசித்தவர்கள் உண்டு. 1979-ல் ஜெர்மனியின் கிளாஸ் மத்தியாஸ், தொடை வழியாகக் கம்பியை விட்டுக் கழுத்தில் பலூன் ஊதி அடைப்பை விரித்தார். தொண்ணூறுகளில் ஸ்டென்ட் வந்தது. கழுத்தில் தழும்பு கிடையாது, மறுநாளே வீட்டுக்குப் போகலாம். ஆனால் கசடைச் சுரண்டி வெளியே எடுக்காமல் சுவரோடு நசுக்குகிற வேலை ஆயிற்றே, துகள் பறக்காதா? 2010-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு ஐம்பது பேரின் மூளையிலும், ஆபரேஷன் செய்தவர்களில் பதினேழு பேரின் மூளையிலும் புதுப் புள்ளிகள். பெரும்பாலோருக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லை.

கசடைப் பிடிக்கக் குடை மாதிரி ஒரு வடிகட்டி இருக்கிறது. ஸ்டென்டுக்கு மேலே உட்கிளையில் விரித்து வைப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நாள்பட்ட அடைப்பு உள்ளவர்களுக்கு உடம்பு ஏற்கெனவே ஒரு பின்வாசல் திறந்து வைத்திருக்கும். முகத்துக்குப் போகும் வெளிக்கிளையிலிருந்து சுற்றுவழியாகக் கண்ணுக்கு ரத்தம் வந்துகொண்டிருக்கும். முன்வாசலில் குடை பிடித்துக் காவல் காக்கும்போது, துகள் பின்வாசல் வழியாகக் கண்ணுக்குள் போய்விடலாம். இப்படியும் நடந்திருக்கிறது.

மையத் தமனி அடைத்துவிட்டால் விழித்திரைக்கு எவ்வளவு நேரம் அவகாசம்? இதற்கு விடை தேடியவர் நம்மாள். பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் வேலை பார்த்த சோஹன் சிங் ஹைரே. குரங்குகளில் அவர் செய்த ஆராய்ச்சி சொன்னது இது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வரை விழித்திரை தாங்குகிறது. நாலு மணி நேரம் தாண்டினால் பெரும் சேதம், மீட்பில்லை.

இது ஒரு வகை. இன்னும் இரண்டு வகை இருக்கிறது. இவைதான் ரொம்ப விசித்திரம்.

வருஷக்கணக்கில் ரத்தம் சொட்டுச் சொட்டாக வந்த கண் அதற்கே பழகிப்போயிருக்கும். குழாய்கள் எல்லாம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தளர்ந்து கிடக்கும். திடீரென்று கழுத்து அடைப்பு நீங்கி முழு வேகத்தில் ரத்தம் பாய்ந்தால்? வறண்ட வாய்க்காலில் மதகைத் திறந்த கதைதான். விழித்திரையில் ரத்தக்கசிவு, நீர்கோத்தல். மூளைக்கும் இதே ஆபத்து உண்டு. அதனால்தான் ஆபரேஷனுக்குப் பின் முதல் சில நாள் பி.பி.யை டாக்டர்கள் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறார்கள்.

அடுத்தது இன்னும் முரண். பட்டினி கிடந்த கண், "எனக்கு ரத்தம் வேணும்" என்று தானாகவே புதுப்புதுக் குழாய்களை முளைக்கவிடும். அவை கண்ணின் நீர் வெளியேறும் மூலையில் படர்ந்து வடிகாலை அடைத்துவிடும். ஆனாலும் கண் அழுத்தம் பெரிசாக ஏறாது. ஏன்? நீரைச் சுரக்கும் பகுதியும் அதே பட்டினியில் சோர்ந்து கிடக்கிறதே! இப்போது கழுத்தைச் சரிசெய்து ரத்தம் வந்தால், சுரப்பு சுறுசுறுப்பாகிவிடும். வடிகாலோ அடைத்தபடி. அழுத்தம் எகிறும், பார்வை நரம்பு நசுங்கும். நல்லது செய்யப் போய், கண்ணுக்குக் கெட்டது.

அப்படியானால் கழுத்தைத் தொடவே கூடாதா? அவசரப்படாதீர்கள்.

1991-ல் வெளிவந்த ஒரு வட அமெரிக்க ஆய்வு. ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை வந்து, கழுத்துக் குழாய் எழுபது சதவிகிதத்துக்கு மேல் அடைத்தவர்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் இரண்டு வருஷத்துக்குள் அந்தப் பக்கத்துப் பக்கவாதம் வந்தது நூற்றுக்கு 26 பேருக்கு. ஆபரேஷனும் செய்துகொண்டவர்களில் 9 பேருக்கு. இத்தனைக்கும் ஆபரேஷன் சமயத்தில் பக்கவாதம் அல்லது மரணம் நேர்ந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் இருந்தார்கள். அதையும் தாண்டிய லாபம் இது. வித்தியாசம் அவ்வளவு பெரியதாக இருந்ததால், கடும் அடைப்பு உள்ளவர்களைப் பொறுத்தவரை ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அதே ஆய்வை மறுபடி அலசி 2001-ல் இன்னொரு விஷயம் சொன்னார்கள். கை கால் தளர்ந்து தெளிந்தவர்களைவிட, கண் மட்டும் இருட்டித் தெளிந்தவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் பாதிதான். அதாவது மூன்று வருஷத்தில் நூற்றுக்குப் பத்து பேர். ஆக, கண் இருட்டிய எல்லோரையும் உடனே மேஜையில் படுக்க வைக்க வேண்டியதில்லை. அடைப்பு எவ்வளவு, வயது என்ன, சர்க்கரை எப்படி, இதயம் எப்படி என்று எடைபோட்டு முடிவெடுக்க வேண்டும். செய்வதென்று முடிவானால், எச்சரிக்கை வந்த இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

கடைசியில் கணக்கு இப்படி நிற்கிறது. கழுத்து ரிப்பேரால் கண்ணுக்கு வருகிற ஆபத்து நிஜம், ஆனால் பார்வையே போவது அபூர்வம். ரிப்பேர் செய்யாமல் விட்ட கடும் அடைப்பால் மூளைக்கு வரும் ஆபத்து அடிக்கடி நடக்கிற விஷயம்.

* * *

இப்போது நம்ம தர்மபுரிக்கு வருவோம்.

1965 அக்டோபரில் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது தர்மபுரி. 2004-ல் கிருஷ்ணகிரி தனியாகப் போனது. அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2008-ல். அதற்கு முன்பு பெரிய வைத்தியம் என்றால் ஒரு பக்கம் சேலம், சுமார் 65 கிலோமீட்டர். இன்னொரு பக்கம் பெங்களூரு, சுமார் 140 கிலோமீட்டர். மெட்ராஸ் என்றால் 300. ஒன்றரை மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரம் என்று ஹைரே போட்ட கெடுவை, இந்தத் தூரத்தோடு பொருத்திப் பாருங்கள். மலைக்கு மேலே சித்தேரியிலோ வத்தல்மலையிலோ இருப்பவருக்குக் கீழே இறங்குவதற்கே பாதி நேரம் போய்விடும்.

அதனால்தான் இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த 'ஓடிப்போகும் இருட்டு' ஒரு வகையில் அதிர்ஷ்டம். நிரந்தர இருட்டு வருவதற்கு முன் வருகிற இலவச நோட்டீஸ். அதை எலுமிச்சம்பழ ஜூஸில் கரைத்துக் குடித்துவிடக் கூடாது.

நோட்டீஸ் வருவதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கழுத்துக் குழாயில் கசடு படிய வைப்பது பீடி, பி.பி., சர்க்கரை, கொலஸ்ட்ரால் என்ற நாலு பேர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டு வாசலுக்கே பி.பி., சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் திட்டத்தை ஆரம்பித்தது. தொடக்க விழா நடந்த ஊர், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி. பழைய தர்மபுரி மாவட்டம்தான். வாசலுக்கு வந்த மாத்திரையை வாய்க்குள் போடுவது மட்டும் நம் வேலை.

மற்றபடி, மனசில் வைத்துக்கொள்ள நாலு விஷயம்.

ஒரு கண் வலியில்லாமல் திடீரென்று இருட்டினால், தெளிந்தாலும் தெளியாவிட்டாலும், அது பக்கவாதத்தின் தம்பி. அன்றைக்கே ஆஸ்பத்திரி. தெளியவே இல்லை என்றால் 108. முதலில் கண்ணாடிக் கடை, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. கழுத்துக்கு டாப்ளர் ஸ்கேன், இதயத்துக்கு ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை மூன்றும் கேட்டு வாங்குங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பொட்டுத் தமனி அழற்சி என்று இன்னொரு எதிரியும் உண்டு. தலைவலி, மெல்லும்போது தாடை வலி இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு விழித்திரைக் கோளாறு வந்தால் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். ஒரு கண் மட்டும் ரொம்ப மோசம் என்று கண் டாக்டர் சொன்னால், "கழுத்தையும் பார்த்துடலாமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

கழுத்துக்கு ஆபரேஷனோ ஸ்டென்டோ முடிவானால், அதற்கு முன்பு ஒருமுறை கண் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பே புதுக்குழாய் முளைத்திருக்கிறதா என்று தெரிந்தால், பின்னால் அழுத்தம் ஏறும்போது சுதாரிக்கலாம்.

சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் ஒவ்வொரு கண்ணாக மூடி, எதிர்ச் சுவரிலுள்ள கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு கண்ணிலும் முன்பு போலவே தெரிகிறதா? இல்லையென்றால் நர்ஸை அந்த நிமிஷமே கூப்பிடுங்கள். "தூக்கக் கலக்கம், காலைல சொல்லிக்கலாம்" என்று இருந்தால், அந்தக் காலைக்குள் கெடு முடிந்துவிடும்.

1805-ல் ஆஸ்ட்லி கூப்பரும் அவருடைய சிஷ்யரும் தொடங்கிய இரண்டு வைத்தியமும் இன்றைக்கும் வேறு வேறு பில்டிங்கில்தான் நடக்கின்றன. கழுத்து டாக்டரின் ஃபைலில் கண் இருக்காது, கண் டாக்டரின் ஃபைலில் கழுத்து இருக்காது. இரண்டு ஃபைலும் ஒன்றாக இருக்கும் ஒரே இடம், நோயாளியின் மஞ்சப்பை. அடுத்த முறை எந்த டாக்டரைப் பார்க்கப் போனாலும் பையை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்.